காண்பதற்கொரு நீர், கழிப்பதற்கொரு நீர்

நீரை நேசிப்பதாகச் சொல்லாத மக்கள் உலகில் இல்லை. கடலைக் கண்டால் நடை தானே நிற்கிறது. அருவியோசை கேட்டால் பேச்சு தானே தணிகிறது. ஊருக்கு வந்த உறவினரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதற்கு நமக்கு முதலில் நினைவுக்கு வருவதும் ஏதேனும் ஒரு நீர்நிலையாகவே இருக்கிறது. ஆயினும், ஒரு சமுதாயம் நீரின்மேல் வைத்த அன்பை அளக்க வேண்டுமானால், அது எந்த நீரைக் காண்பதற்காகக் காசு செலவழித்துப் புறப்படுகிறது என்று கேட்பது போதாது. எந்த நீரைக் காணாததுபோல் கடந்து போகிறது என்றும் கேட்டாக வேண்டும். அந்த இரண்டாம் கேள்வியையே இன்று ஜொகூர் மக்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

இயற்கை இம்மாநிலத்துக்கு நீர்ச்செல்வத்தை அளந்து கொடுக்கவில்லை, அள்ளிக் கொடுத்திருக்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே தெப்ராவ் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல் என மூன்று புறமும் உப்புநீர் சூழ, உள்நாட்டிலோ ஜொகூர் ஆறும், எண்டாவும், மூவாரும், செடிலியும், பூலாயும் நிலத்தைப் பகுத்து ஓடுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று தணிந்து கடல் தெளியும் காலத்தில் மெர்சிங் படகுத்துறையில் நின்றவர்கள், ராவா, சிபு, திங்கி, ஆவுர் என்று தீவுகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏறும் குடும்பங்களைக் கண்டிருப்பார்கள். தெசாருவின் வெண்மணலையும், கோத்தா திங்கியை அடுத்த லோம்போங் அருவியின் குளிர்ந்த பாறைகளையும் நம் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்குப் பிறகு வகுப்பில் கட்டுரையாக எழுதுகிறார்கள். செடிலிச் சதுப்புக் காட்டினூடே வரும் நீர், இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் இருந்தாலும், அள்ளிப் பார்த்தால் உள்ளங்கை ரேகை தெரியும் அளவுக்குத் தெளிந்தது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும், கூக்குப் தீவும், பூலாய் ஆற்றின் கழிமுகமும் 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் ஒருசேர ஏறியபோது, இம்மாநிலத்தின் அலையாத்திக் காடுகளுக்கு உலகம் ஒரு மதிப்பை எழுதித் தந்தது.

இவையெல்லாம் காண்பதற்குரிய நீர். இவற்றுக்குக் காவலும் உண்டு, கட்டணமும் உண்டு, அறிவிப்புப் பலகையும் உண்டு. இவற்றோடு, இவை ஓடும் அதே மண்ணில், வேறொரு வகை நீரும் ஓடுகிறது. தொழிற்பேட்டையின் பின்மதிலுக்கும் குடியிருப்பின் பின்மதிலுக்கும் இடையே ஓடுவது. நிலப்படத்தில் ஒரு மெல்லிய நீலக்கோடாக மட்டும் இருப்பது. பாலத்தைக் கடக்கும்போது ஊர்தியின் கண்ணாடியை ஏற்றிவிடச் செய்வது. அதைக் கழிப்பதற்குரிய நீராக நாம் எந்தச் சட்டமன்றத்திலும் தீர்மானம் போட்டு அறிவிக்கவில்லை. ஆனால் அன்றாடப் பழக்கத்தால் அவ்வாறே ஆக்கி வைத்திருக்கிறோம். ஒரே மழையில் பிறந்து ஒரே கடலில் முடியும் நீரை இப்படி இரு சாதியாகப் பிரித்ததே இம்மாநிலத்தின் நீர்த் துயரங்கள் பலவற்றுக்கும் வேர் என்று நாம் கருதுகிறோம்.

நம் முன்னோர் மரபில் இத்தகைய பிரிவினைக்கு இடமில்லை. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை வள்ளுவர் மழைக்கு அளித்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பேசுகிறார். தலையாலங்கானத்தில் பகைவரை வென்ற அரசனிடம் அவர் படையைப் பற்றிப் பேசவில்லை; மறுமையும் வெற்றியும் புகழும் வேண்டுமாயின் நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்கு என்றே அறிவுறுத்துகிறார். நீர் காப்பது அரசன் விரும்பினால் செய்யும் அறக்கொடையன்று, அரசாள்வதன் இலக்கணமே அதுதான் என்ற துணிபு அந்தப் பாடலின் அடியில் கிடக்கிறது.

அந்தத் துணிபு பாட்டோடு நின்றுவிடாமல் ஆட்சிமுறையாகவும் ஆனது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. ஆனால் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை மேடையில் எடுத்துச் சொல்வோர் குறைவு. ஊர் ஏரிக்குப் பெயர் குறித்த பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களின் பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவரைச் சார்ந்த உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள். நீர்நிலைக்கு ஒரு காவலர், காவலுக்கு ஒரு கால எல்லை, எல்லை முடிவில் கணக்கு, கணக்குத் தவறினால் தகுதியிழப்பு என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் வகுத்துக்கொண்ட ஒழுங்கை மனத்தில் நிறுத்திக்கொண்டு, பாசிர் கூடாங்கில் ஓடும் ஒரு சிற்றாற்றுக்கு வருவோம்.

சுங்கை கிம் கிம் பெரிய ஆறன்று. தாமான் பாசிர் பூத்தே குடியிருப்பை ஒட்டி வளைந்து, அலையாத்திகளின் நடுவே தெப்ராவ் நீரிணையின் கிழக்குப் பகுதியில் கலப்பது. கடல் வற்றும் நேரத்தில் அதன் கரையில் நின்றால், சேற்றைத் துளைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களும், அவற்றிடையே துடுப்பை ஊன்றித் தாவும் உளுவை மீன்களும், ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி அசைக்கும் சிறு நண்டுகளும் தெரியும். கழிமுகத்தில் சிறு படகு வைத்திருக்கும் மீனவர்களுக்கு அது வாழ்வு. ஆற்றோரப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தினமும் கண்ணில் படும், ஆனால் யாரும் பாடமாகச் சொல்லித் தராத ஒரு நீர்.

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் விடியுமுன், இந்த ஆற்றில் ஒரு லோரி வேதிக்கழிவைக் கொட்டிவிட்டுச் சென்றது. காலையில் பள்ளி தொடங்கிய சிறிது நேரத்தில் ஆற்றையொட்டிய பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றியது, குமட்டியது, மூச்சு முட்டியது. என்ன நாற்றம் என்று கேட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன பெரியவர்களும் மயங்கினார்கள். கழிவு ஆற்றுநீரோடு கலந்து ஓடி முடிந்துவிடும் என்று எண்ணியோர் இருந்திருக்கலாம், அது ஓடவில்லை. எண்ணெய்ப் பசையோடு சேற்றிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு, வெயில் ஏற ஏற ஆவியாகி எழுந்தது. மார்ச் 11ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் அலை முதல் அலையைவிடக் கொடியதாக இருந்தது. 13ஆம் நாள் பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாட்களில் வெளிவந்த கணக்கின்படி பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 2,775 பேர். அவர்களுள் கணிசமானோர் பள்ளிச் சிறார்.

இந்த எண்களை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட முடியவில்லை. பாசிர் கூடாங்கிலும் மாசாயிலும் நம் குடும்பங்கள் அடர்ந்து வாழ்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு தாமான்களுக்கு வந்து, தொழிற்சாலை வேலையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். பள்ளிச் சீருடையோடு பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனை வாயிலில் நின்ற ஒரு தாய்க்கு, அக்ரிலோநைட்ரைல், அக்ரோலீன், பென்சீன், டொலுவீன் என்று அதிகாரிகள் வரிசையாகச் சொன்ன பெயர்கள் எதுவும் விளங்கியிராது. காலையில் நல்ல உடம்போடு அனுப்பிய பிள்ளை, பாதுகாப்பான இடமென்று நம்பி அனுப்பிய கட்டடத்துக்குள்ளேயே நோயுற்றது என்பது மட்டும் விளங்கியிருக்கும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் ஒருமுறை அவ்வட்டாரப் பிள்ளைகள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன என்பதையும் இங்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் முறை நேர்ந்ததை விபத்து என்று சொல்ல மனம் ஒப்பியவர்களும், நான்கு மாதங்கூட ஆகாத நிலையில் நேர்ந்த இரண்டாம் முறைக்கு அச்சொல்லைப் பயன்படுத்த இயலாது.

ஒரு லோரி ஏன் இருட்டில் ஆற்றைத் தேடி வருகிறது? வேதிக்கழிவை முறைப்படி அப்புறப்படுத்தப் பணம் வேண்டும். உரிமம் பெற்ற நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எங்கே உண்டானது, யார் ஏற்றினார், எங்கே இறக்கினார் என்று தாளில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தச் செலவையும் தொல்லையையும் தவிர்க்க விரும்புகிறவனுக்கு ஆறு ஒரு பணமில்லாத வாய்க்கால். பிடிபட்டால் வரும் தண்டனையைப் பிடிபடாமல் கிடைக்கும் ஆதாயத்தோடு அவன் ஒப்பிட்டுப் பார்க்கிறான். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், உள்நாட்டு நீரைக் கெடுத்த குற்றத்துக்கு அப்போது விதித்திருந்த உச்ச அபராதம் 100,000 ரிங்கிட். ஆயிரக்கணக்கானோர் நோயுறக் காரணமான ஒரு செயலுக்குச் சட்டம் வைத்திருந்த விலை அவ்வளவே. ஆற்றைத் தோண்டிக் கழுவிய செலவோ அதைப்போல் பன்மடங்கு. அது மக்கள் செலுத்திய வரிப்பணம்.

2024ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, ஜூலை 7 முதல் உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டதை இவ்விதழ் மனமார வரவேற்கிறது. காலம் கடந்த திருத்தமே ஆயினும் தேவையான திருத்தம். எனினும், தண்டனையின் கனம் மட்டும் ஆற்றைக் காத்துவிடாது. கொட்டியவன் பிடிபட்ட பிறகே அபராதம் பேசத் தொடங்குகிறது. கொட்டுவதற்கு முன் பேச வேண்டியது காவல். கிம் கிம் போன்ற ஆறுகளுக்கு அந்தக் காவல் யாருடையது? கழிவு சுற்றுச்சூழல் துறையின் பொருள். ஆற்றுப்படுகை நீர்ப்பாசன, வடிகால் துறையின் பொருள். கரை மாநிலத்தின் நிலம். கரையோரக் கட்டடத்துக்கு உரிமம் அளிப்பது நகராண்மை. கழிமுகத்து மீன் இன்னொரு துறையின் பொருள். ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செம்மையாகச் செய்ததாக அறிக்கை தர முடியும். அவ்வளவு அறிக்கைகளுக்கும் நடுவே ஆறு செத்துக் கிடக்கவும் முடியும். உத்திரமேரூர் ஏரிக்கு இருந்த பெயர் குறித்த பொறுப்பாளர் நம் சிற்றாறுகளுக்கு இல்லை.

சிற்றாற்றின் அழுக்கு சிற்றாற்றோடு நிற்பதில்லை என்பதைத் தெப்ராவ் நீரிணை நமக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம், கற்களைக் கொட்டி எழுப்பிய ஒரு கரை. நூறாண்டுக்கு மேலாக அது மனிதர்களைச் சேர்த்தும் நீரைப் பிரித்தும் வருகிறது. கிழக்கிலிருந்து மேற்காகவும் மேற்கிலிருந்து கிழக்காகவும் முன்பு தடையின்றிப் போய்வந்த கடல்நீர் அங்கே முட்டித் திரும்புகிறது. இவ்வாறு உலாவுதல் குறைந்த நீருக்குள்தான் தெப்ராவ், ஸ்கூடாய், பூலாய் ஆறுகளும், எண்ணற்ற ஓடைகளும் தத்தம் சுமையைக் கொண்டுவந்து இறக்குகின்றன. 2014 பிப்ரவரியில் இந்த நீரிணையில் நச்சுப்பாசி பெருகி, மீன்வளர்ப்புக் கூடுகளில் மீன்கள் மாண்டதில் இந்தச் சுமைக்கும் பங்குண்டு.

அதே நீரிணையின் மேற்குவாயிலில், பூலாய் ஆற்று முகத்துக்கு எதிரே, மெரம்போங் என்னும் கடற்புல் மேடு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய கடற்புல் வெளி என்று அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். கடற்குதிரைகள் வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு வாழும் இடம். ஆவுளியா என்று நம் கடலோர மக்கள் அழைக்கும் கடற்பசு மேயும் இடம். மீனும் நண்டும் சிப்பியும் எடுத்து வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களுக்கு, சிங்கப்பூர், ஜொகூர் என்ற எல்லைகள் தோன்றுமுன்பே இந்த நீர் முற்றமாக இருந்தது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே ஒரு பெருநகரத் திட்டத்துக்காகக் கடலில் மண் கொட்டும் பணி தொடங்கியது. முழுமையான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு ஏற்கப்படுமுன்பே தொடங்கியது. எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டின் நடுப்பகுதியில் பணி நிறுத்தப்பட்டு, ஆய்வுக்குப் பின் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் பரப்பளவு குறைக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. குறைத்த பிறகும் 1,386 எக்டேர். முதலில் மண்ணைக் கொட்டிவிட்டுப் பிறகு ஆய்வைக் கேட்ட அந்த வரிசைமாற்றத்தை இம்மாநிலம் இனி எக்காலத்திலும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. இதே ஆவுளியாவுக்காகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. ஜொகூரின் கிழக்கே சிபு, திங்கித் தீவுகளைச் சுற்றிய புல்வெளிகளில் ஆவுளியா இன்னும் உலவுகிறது. ஒருபுறத்து இழப்புக்கு மறுபுறத்தில் ஈடுசெய்யும் வாய்ப்பு நம் கையை விட்டுப் போய்விடவில்லை.

அழகையும் உயிரினத்தையும் பற்றிய பேச்சு மென்மனம் படைத்தோரின் பேச்சு என்று எண்ணுவோருக்குக் குடிநீரைப் பற்றிச் சொல்லலாம். கிம் கிம் துயரம் நேர்ந்து ஒரு மாதம்கூட நிறையாத 2019 ஏப்ரல் முதல் வாரத்தில், ஜொகூர் ஆற்றில் அம்மோனியா மிகுந்ததால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. இம்மாநிலத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூருக்குச் செல்வதும் இந்த ஆற்றின் நீரே. ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் என்ற விலை நியாயமா என்பது இரு நாட்டு அரசுகளும் நெடுங்காலமாகப் பேசிவரும் வழக்கு. அதற்குள் நாம் இங்கு நுழையவில்லை. விலையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் எழுந்த குரலில் ஒரு பங்காவது ஆற்றின் தூய்மையைப் பற்றி எழுந்ததா என்பதே நம் கேள்வி. விற்கும் பண்டத்தைக் கெடவிட்டுக்கொண்டு விலையை மட்டும் பேசுவது எந்தச் சந்தையிலும் நில்லாது. 2016 அக்டோபரில் ஜொகூர் ஆற்றுக்கு நீரூட்டும் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதைக் கண்டோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அதே ஆறு பொங்கி, கோத்தா திங்கியை ஒரு மாத இடைவெளிக்குள் இருமுறை மூழ்கடித்ததையும் கண்டோம். நீர் குறைந்தும் நீர் மிகுந்தும் வரும் துன்பங்களைத் தாங்கவே வழி தேட வேண்டிய காலத்தில், இருக்கும் நீரையும் நம் கையால் கெடுத்துக்கொள்வது எவ்வகையில் அறிவுடைமை?

தொழிற்சாலைகள் இல்லாவிட்டால் இம்மக்கள் உண்பதெப்படி என்று கேட்கப்படும். அது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. கேட்பவர்களுள் அத்தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்துக் குடும்பம் காப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு விடை தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் பெற்றோர் உழைத்த தோட்டங்களிலேயே விடை இருக்கிறது. ரப்பர் ஆலைக் கழிவு வெண்மையாகவும், செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு பழுப்புக் கூழாகவும் தோட்டத்து ஆற்றில் இறங்கிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலாற்றில் ஆலை ஓடும் நாளில் கீழாற்றில் துணி துவைக்க முடியாது. மீன்கள் வயிறு மேலாக மிதந்து வரும். நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளியை விழுங்குகின்றன என்பதைக் கொண்டு அழுக்கின் கடுமையை அளப்பது வழக்கம். செம்பனை ஆலையின் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். மீன் வாழ வேண்டிய உயிர்வளியையெல்லாம் அக்கழிவே குடித்துவிடும். 1977ஆம் ஆண்டு மலேசிய அரசு செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகளை வகுத்தது. 1978இல் 5,000 மில்லிகிராமுக்கு மேல் ஆற்றில் விடக்கூடாது என்று தொடங்கி, ஆண்டுதோறும் வரம்பை இறக்கிக்கொண்டே வந்து, 1984இல் 100 என்ற அளவில் நிறுத்தியது. விடும் அழுக்கின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் ஏறியது. ஆலைகள் மூடப்பட்டனவா? கழிவுக் குளங்களை வெட்டினார்கள். காற்றில்லாக் குளத்தில் நுண்ணுயிர்களுக்கு வேலை கொடுக்கக் கற்றார்கள். செம்பனைத் தொழில் அவ்வாண்டுகளில் சுருங்காமல் வளர்ந்தது. உறுதியான வரம்பு, முன்கூட்டி அறிவித்த கால அட்டவணை, அட்டவணையில் நெகிழாத அரசு ஆகிய இவை சேர்ந்தபோது, செல்வமும் ஆறும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று இந்நாடு மெய்ப்பித்துக் காட்டியது. அந்த நாட்டின் பிள்ளைகளாகிய நாம் இன்று முடியாது என்று சொல்வதற்கு என்ன உரிமை பெற்றிருக்கிறோம்?

முடியும் என்பதற்குப் பாலத்துக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. 1977இல் சிங்கப்பூர் அரசு பத்தாண்டுக் கெடு வைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் தூய்மை செய்யத் தொடங்கி, 1987இல் முடித்தது. அத்தூய்மைக்காகக் கரையோரக் குடிசைகளும் பன்றி, வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தலைமுறைகளாகச் சரக்கேற்றிய தோணிகள் 1983இல் வேறிடம் போயின. எளியோர் பலர் இடம்பெயர்ந்தனர். அவ்விலையை மறைக்காமல் சொல்வதே நேர்மை. நேர்மாறான சான்று நம் மூதாதையர் மண்ணில் இருக்கிறது. திருப்பூருக்குக் கீழே நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகி, எந்த உழவனுக்காகக் கட்டப்பட்டதோ அந்த உழவனே திறக்காதே என்று கெஞ்சும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட நேர்ந்தது. பத்தாண்டுக்கு முன் விதித்திருக்க வேண்டிய ஒழுங்கை விதிக்காது விட்டதால், ஒரே நாளில் பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். தொழிலாளியின் பெயரால் ஆற்றைக் கெடவிடுவோர், கடைசியில் அந்தத் தொழிலாளியையும் காப்பதில்லை. அதற்கும் முன்னதாக, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில், வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது.

கழிவை மறைப்பதும் ஒரு வகைத் தீர்வாக நம்மிடையே முயன்று பார்க்கப்பட்டதுண்டு. ஜொகூர் பாரு நகரின் நெஞ்சில் ஓடும் செகெட் ஆறு, நாற்றம் தாங்காத நிலையில் மேலே தளம் போட்டு மூடப்பட்டது. மக்கள் அதன்மேல் நடந்தார்கள். அடியில் ஆறு இருட்டில் அழுகியது. பின்னர் அத்தளத்தை உடைத்து, நீரைச் சுத்திகரித்து, கரையைச் சீரமைத்து ஆற்றுக்கு மீண்டும் வெளிச்சம் தர வேண்டியதாயிற்று. மூடியதற்கொரு செலவு, திறந்ததற்கொரு செலவு. ஆயினும் ஒரு நகரம் தான் செய்த பிழையைத் தானே உடைத்துத் திருத்திக்கொண்டதற்குச் சான்றாக அந்த ஆறு இன்று வெளிச்சத்தில் ஓடுகிறது. அவ்வகையில் அதைப் போற்றுகிறோம்.

நம் சமுதாயத்தை நோக்கியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பிறப்பு முதல் இறப்பு வரை நீரில்லாமல் நமக்கொரு சடங்கில்லை. கரகம் பாலிப்பதும், தீர்த்தம் எடுப்பதும், முளைப்பாரி கரைப்பதும், அஸ்தி கரைப்பதும் நீரில்தான். அந்த நீர்த்துறையில் வாழையிலையோடு நெகிழிப் பையையும், மாலையோடு அதைக் கட்டிய கம்பியையும், படையலோடு நுரைப்பெட்டியையும் விட்டுவருகிறோம். மறுநாள் காலை அலை அவற்றைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கும் காட்சி, புனிதம் என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்பதைக் காட்டும். வேதிக்கழிவையும் இதையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையன்று, நிறுக்கவுமில்லை. ஆனால் அடுத்தவனைக் கணக்குக் கேட்கப் புறப்படுகிறவன் தன் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் போவது நம் மரபு. கோயில் நிருவாகங்கள் நினைத்தால் வரும் திருவிழாவிலேயே இதை மாற்ற முடியும்.

அரசிடம் நாம் கேட்பது புதுமையானதொன்றும் அன்று. ஜொகூரின் ஒவ்வொரு சிற்றாற்றுக்கும் பெயர் குறித்த ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும்; எத்தனை துறைகள் அந்த ஆற்றில் பங்கு வைத்திருந்தாலும், ஆற்றின் நிலைக்கு விடை சொல்லும் வாய் ஒன்றாக இருக்க வேண்டும். அவருக்குத் துணையாகக் கரையோரக் குடியிருப்பிலிருந்தும், மீனவரிலிருந்தும், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியரிலிருந்தும் சிலர் அமர வேண்டும். முதலில் நாற்றத்தை உணர்கிறவர்கள் அவர்களே என்பதை மார்ச் 7ஆம் நாள் காட்டியது. நீரைச் சோதித்து எடுத்த அளவுகள் அலுவலகக் கோப்பில் உறங்காமல், பாலத்தடியிலும் பள்ளி வாசலிலும் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். கழிவேற்றும் லோரி எங்கே புறப்பட்டு எங்கே நின்றது என்பதை வழிநெடுகத் தொடரும் கருவிகள் இன்று மலிவு; அவை இல்லாத லோரிக்குக் கழிவு ஏற்றும் உரிமம் எதற்கு? கெட்ட ஆற்றைக் கழுவும் செலவைக் கெடுத்தவரிடமிருந்தே மீட்க வேண்டும். மீட்ட தொகை பொதுக் கருவூலத்தில் கரையாமல், நோயுற்ற பிள்ளைகளின் தொடர் மருத்துவத்துக்கும் அந்த ஆற்றுக்குமே சேர வேண்டும். அன்று நச்சுக்காற்றை உள்ளிழுத்த சிறுவர்களின் நுரையீரலை ஆண்டுதோறும் பரிசோதிப்பது, அரசு அவர்களுக்குத் தரும் சலுகையன்று, பட்ட கடன்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மாநில அரசு தன் சிற்றாறுகளின் நிலையறிக்கையை ஜொகூர் சட்டமன்றத்தின் மேசைமேல் வைக்கட்டும். அந்த அறிக்கை மெர்சிங் தீவுகளிலிருந்தோ லோம்போங் அருவியிலிருந்தோ தொடங்க வேண்டாம். அதன் முதற்பக்கத்தில் சுங்கை கிம் கிம்மின் பெயரும், அந்த வாரத்தில் அதன் நீரில் எடுத்த அளவும், அதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவரின் பெயரும் இருக்கட்டும்.